மலையிலிருந்து கல்லூரி தேடுகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பிரவுசிங் சென்டரில் கால் வைக்க இடம் இருக்காது. வெளியே கோடை மழை, வாசலில் ஈரக் குடைகள், உள்ளே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு அப்பா, ஒரு சித்தப்பா, சில சமயம் பக்கத்து வீட்டு வாத்தியார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, நல்ல காலேஜா பார்த்துப் போட்டு விடுங்க."

நல்ல செருப்பாகக் கொடுங்கள் என்று கடையில் கேட்டால் கடைக்காரர் முதலில் நம் காலைத்தான் பார்ப்பார். கல்லூரி விஷயத்தில் மட்டும் காலைப் பார்க்காமல் நேராகச் செருப்புக்குப் போய்விடுகிறோம். அதனால் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் அப்பாவை டீ குடிக்க அனுப்பிவிடுவேன். பிள்ளையிடம் வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்து, பின்பக்கத்தில் எழுதச் சொல்வேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் அந்தத் தாள்

தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் "வேண்டும்", வலது பக்கம் "வேண்டவே வேண்டாம்". எந்தப் பாடம் பிடிக்கும், எது தூக்கம் வரவைக்கும், செய்து பார்த்துப் படிக்கப் பிடிக்குமா உட்கார்ந்து படிக்கப் பிடிக்குமா, ஹாஸ்டலில் இருக்க முடியுமா, ஆங்கிலத்தில் நடத்தினால் பின்தொடர முடியுமா, மூன்று வருஷத்தில் சம்பாதிக்க வேண்டுமா, இன்னும் படிக்க வீட்டில் இடம் உண்டா என்று மனதில் வருவதையெல்லாம் எழுதலாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

எழுதி முடித்த பிறகு அடித்தல். இடது பக்கத்தில் மூன்று வரி மட்டும் மிஞ்சும்வரை அடிக்க வேண்டும். கஷ்டமான வேலை இதுதான். இருபது விருப்பங்களுக்கும் பொருந்துகிற கல்லூரி உலகத்தில் கிடையாது; எந்த மூன்றை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று தெரிந்தால் போதும், பட்டியல் தானாகச் சுருங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கீழ்கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் பி.காம். என்று முடிவு செய்தாகிவிட்டது, காரணம் அக்கா பி.காம். அவள் தாளில் இடது பக்கம் முதல் வரியாக எழுதியிருந்தது: "எங்கள் தோட்டத்துக்கு வரும் காட்டெருமைகளைப் பற்றி." அவ்வளவுதான், வினைச்சொல்கூட இல்லை. இரண்டாவது வரி, "அம்மாவைப் பார்க்க மாதம் ஒரு தடவையாவது வரணும்." பிளஸ் டூவில் அவள் எடுத்தது உயிரியல். மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருப்பதும், அங்கே நான்கு வருஷ வனவியல் பட்டப்படிப்பு இருப்பதும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நம் ஊரிலிருந்து முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒரே பஸ். அப்பா திரும்பி வந்தபோது டீ ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பி.காமுக்கும் போட்டோம், வனவியலுக்கும் போட்டோம். எதில் சேர்ந்தாள் என்பது அவள் வீட்டு விஷயம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால் இரண்டாவது படிவத்தைத் திறந்தே இருக்க மாட்டோம்.

பட்டம் யார் கையெழுத்தில் வருகிறது?

கட்டிடம் ஓர் ஊரில் இருக்கும், பட்டம் இன்னோர் ஊரிலிருந்து வரும். மலையில் இது சர்வ சாதாரணம். ஊட்டி அரசு கலைக் கல்லூரி கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கேத்தியில் இருக்கும் பொறியியல் கல்லூரிக்குப் பட்டம் தருவது சென்னை அண்ணா பல்கலைக்கழகம். ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியோ மைசூரில் தலைமையிடம் கொண்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. கொடைக்கானல்காரர்களுக்கு மலையிலேயே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் உண்டு: 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், பெண்களுக்கு மட்டும்.

இதைப் பார்ப்பது வீண் ஆராய்ச்சி இல்லை. இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்துடையது. உங்கள் வாத்தியார் நடத்துவார், வேறு யாரோ கேள்வித்தாள் எடுப்பார். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், தேர்வு இரண்டும் கல்லூரியே நடத்தும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களில் எல்லாமே அவர்களுடையது, கட்டணமும் உட்பட. பொதுவாக ரிசல்ட் தாமதம் என்ற புலம்பலை இணைப்புக் கல்லூரிப் பிள்ளைகளிடம்தான் அதிகம் கேட்கிறேன். அதற்காக இணைப்புக் கல்லூரி மட்டம் என்று ஆகாது. தன்னாட்சியில் மதிப்பெண் தாராளமாக விழும் இடங்களும் உண்டு, மேற்படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதும்போது அது வெளுத்துப்போகும்.

பல்கலைக்கழகத்தின் பெயர் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசியே வெளியிடுகிறது. நர்சிங், பார்மசி, சட்டம், கட்டிடக்கலை என்றால் அந்தந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் "வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால், வந்த பிறகு நாமும் வருவோம் என்று கும்பிட்டு வெளியே வந்துவிடலாம்.

எந்த வாசல் வழியாக உள்ளே போவது

ஒவ்வொரு படிப்புக்கும் தனி வாசல். ஒன்றில் விண்ணப்பித்தால் மற்றதிலும் பெயர் இருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு வருஷமும் யாராவது ஏமாறுகிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரு இணையதளம், பொறியியலுக்கு டி.என்.இ.ஏ. கவுன்சலிங், வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம், மருத்துவத்துக்கு நீட். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. கியூட் விண்ணப்பம் ரிசல்ட் வருவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். மே மாதம் வந்து கேட்டால் நான் கையை விரிக்க வேண்டியதுதான்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கு 200-க்கு. கணிதம் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணிதம் 84, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 84, 38, 40 சேர்ந்து 162. முந்தைய வருஷங்களில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த சமூகப் பிரிவுக்கு எந்த கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்பதும் வெளியாகிறது. அதில் உங்கள் பிரிவின் வரியைப் பாருங்கள். பொதுப் பிரிவின் வரியைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்கள் நிறைய.

கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகளுக்கு சுல்தான் பத்தேரியும் மைசூரும் கோவையைவிடப் பக்கம். போகலாம், தப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு மாநில எல்லையைத் தாண்டாது. மைசூர் என்றால் பந்திப்பூர் காட்டு வழி இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை மூடியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ராத்திரி வீட்டிலிருந்து போன் வந்தால் உடனே கிளம்ப முடியாது.

பணம், உறைபனி

விளம்பரத்தாளில் இருப்பது டியூஷன் ஃபீஸ் மட்டும். கேட்க வேண்டியது வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று: பஸ், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், சீருடை, புத்தகம், "இதர" என்று ஒரு வரி. அந்த "இதர"வுக்குள் என்ன இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். மெஸ் டிவைடிங் சிஸ்டமா, மாதத்துக்கு நிலையான தொகையா என்பதும் முக்கியம். டிவைடிங் என்றால் மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். பில் ஏறும் இறங்கும்.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது. முதல் கட்டணம் ஜூன், ஜூலையில் வரும். அப்போது தோட்டத்தில் இலை நிறைய. ஃபேக்டரியிலிருந்து பச்சைத் தேயிலைப் பணம் வந்துகொண்டிருக்கும், சமாளித்துவிடுவோம். இரண்டாவது செமஸ்டர் கட்டணம் வருவது டிசம்பர், ஜனவரியில். அதுதான் உறைபனிக் காலம், செடி கருகி இலை இல்லாத மாதம். எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்கும் அப்போது கூடுதல் கிலோ பறித்துக் கிடைக்கும் வருமானம் குறைவு. சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்: "ரெண்டாவது செமஸ்டர் பணத்தை ரெண்டு தவணையா கட்டலாமா?" சிரித்துக்கொண்டே சரி என்கிறார்களா, முகத்தைத் திருப்புகிறார்களா என்பதிலேயே அந்த இடத்தின் குணம் கொஞ்சம் தெரிந்துவிடும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விடவே கூடாது. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021-லும் வந்தது. அதன்வழி சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் தமிழ்ப்புதல்வன் திட்டமும் தனி. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் சான்றிதழ் எடுங்கள். வருமானம், சாதி, முதல் பட்டதாரி எல்லாமே இ-சேவையில் விண்ணப்பிப்பதுதான். ஏப்ரலிலேயே போட்டுவிட்டால் நல்லது. ஜூன் மழையில் கரண்டும் நெட்டும் போன பிறகு வந்து என்னைத் திட்டிப் பயனில்லை.

மலை இறங்குவது

"பக்கத்துல வேணும்" என்று தாளில் எழுதுகிறார்கள். எத்தனை மணி நேரம் பக்கம் என்று எழுதச் சொல்வேன். வரைபடத்தில் கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. தினமும் அந்த வளைவுகளில் காலையிலும் மாலையிலும் நின்றுகொண்டே போய்வந்து, வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஆடும். பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் இது சின்ன விஷயமே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோவையில் ஹாஸ்டலே உடம்புக்கும் படிப்புக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

மாதம் ஒரு தடவை வருகிற திட்டம் என்றால் சனிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், மேட்டுப்பாளையத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வு நேரம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2009 நவம்பரில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதைப் பார்த்தவர்கள், தேர்வு நாளன்று மலையிலிருந்து கிளம்பிப் போகிற திட்டத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் இருப்பவர்கள் கொடைக்கானல் வருவதற்கே ஒரு பொழுது ஆகிறது. அவர்களுக்கு இன்னும் இரண்டு மடங்கு யோசனை வேண்டும்.

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சேர்ந்தது சமவெளியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். அட்டையில் பச்சைப் புல்வெளி, நீரூற்று, அதன் பக்கத்தில் மடிக்கணினியோடு சிரிக்கும் பிள்ளைகள். படத்தைப் பார்த்தே அப்பா பணம் கட்டினார். பெட்டியோடு போய் இறங்கியபோது கேட்டிலிருந்து ஹாஸ்டல்வரை வேலிக்கருவை. நீரூற்று இருந்தது, தண்ணீர்தான் இல்லை. அதற்குள் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் லேப் சாவி வைத்திருந்தவர் வாரத்தில் இரண்டு நாள் வேறு கல்லூரியிலும் வேலை பார்த்தார், அவர் வந்தால்தான் கதவு திறக்கும். படிப்பை முடித்தேன், நான்கு அரியரோடு. அந்தக் கல்லூரி மோசம் என்று இப்போதும் அடித்துச் சொல்ல மாட்டேன். என்னோடு படித்த இருவர் நன்றாகவே வந்தார்கள். எனக்குக் கையால் செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும். பூட்டிய லேப் எனக்கு ஆகாத செருப்பு. ஒரு நாள் முன்னதாகப் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

எனவே ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். அட்மிஷன் மேளா நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்றைக்கு நீரூற்றில் தண்ணீர் வரும். ஏப்ரலில் போனால் வகுப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்; முடிந்தால் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு போய்விடுங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போங்கள், காரில் வேண்டாம். எத்தனை பஸ் மாறினீர்கள், இறங்கிய இடத்திலிருந்து கேட் எவ்வளவு தூரம், இருட்டில் அந்த வழி எப்படி இருக்கும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

உள்ளே போனதும் அட்மிஷன் அலுவலகத்துக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் கேன்டீன். ஒரு டீ வாங்கிக்கொண்டு, இரண்டாம், மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். முதல் வருஷத்தவர்களுக்கு இன்னும் மயக்கம் தெளிந்திருக்காது. கடைசி வருஷத்தவர்கள் வேலைக் கவலையில் இருப்பார்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "பரவால்லண்ணா" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "போன வாரம் எத்தனை பீரியட் வாத்தியார் வரல?" "லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர்?" "தமிழ் மீடியத்துலருந்து வந்தவங்க உங்க கிளாஸ்ல எத்தனை பேரு, அவங்க முதல் செமஸ்டர் எப்படி தாண்டினாங்க?" கடைசிக் கேள்விக்கு வருகிற பதில் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கம்.

பிறகு நூலகம். புத்தக அலமாரி எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். ஹாஸ்டலில் அறையைக் காட்டுவார்கள், நீங்கள் கழிப்பறையைக் கேளுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். பெண் பிள்ளைகள் என்றால் இரவில் உடம்பு சரியில்லாமல் போனால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று வார்டனிடமே கேட்கலாம். யோசிக்காமல் பதில் வந்தால் அங்கே அது முன்பே நடந்து, கையாண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்டால் வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸைக் காட்டுவார்கள். அதில் இருப்பது அதிகபட்சச் சம்பளம் வாங்கிய ஒரே பிள்ளையின் முகம். உங்களுக்கு வேண்டியது வேறு: உங்கள் பிரிவில் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குக் கையில் வேலை உத்தரவு வந்தது, சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்பவருக்கு எவ்வளவு. எழுத்தில் கேளுங்கள்.

தர வரிசைகள்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் மொத்தக் கல்லூரிக்கானது, நீங்கள் சேரும் துறைக்கு அல்ல. பொறியியலில் துறைவாரியாகப் பார்க்க என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016-லிருந்து வரும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் எடை கொடுக்கிறது, பி.எஸ்சி. சேரும் பிள்ளைக்கு அதில் பாதி எண் தேவைப்படாது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பட்டியலை முதலில் திறப்பேன்.

சாய்ஸ் போடும் ராத்திரி

பொறியியல் கவுன்சலிங்கில் எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுப்பார்கள். ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசையை மாற்றத் தேவையே இல்லை. மனதுக்கு மிகவும் பிடித்தது மேலே. அது கிடைக்காமல் போனாலும் கீழே இருப்பதற்கு ஒரு சேதாரமும் இல்லை. மாறாக, "சும்மா இருக்கட்டும்" என்று போகவே போகாத கல்லூரியைப் பட்டியலில் விடாதீர்கள். அதுதான் வந்து விழும்.

வரிசையைத் தாளில் எழுதிக்கொண்டு, பழைய ஜெராக்ஸ் தாளையும் எடுத்து வாருங்கள். மிஞ்சிய அந்த மூன்று வரியோடு முதல் பத்து சாய்ஸையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கட்டும். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று கல்லூரிகள் உண்டு. கடைசி நாள் வரை காத்திருக்காமல் லாக் செய்துவிடுங்கள். காற்றடித்து மரம் விழுந்தால் எங்கள் தெருவில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

சேர்ந்த பிறகு மனம் மாறினாலும் வழி உண்டு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-ல் அறிவித்திருக்கிறது. கட்டணமும் அப்படித்தான்: சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு தொகை போக மிச்சம் கைக்கு வரும், நாளாக ஆகக் குறையும், கடைசித் தேதி கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது.

ஆகஸ்டு, செப்டம்பரில் கடைக்கு போன் வரும். குல்லாவும் ஸ்வெட்டருமாக வளர்ந்த பிள்ளை, திருச்சியிலோ மதுரையிலோ ஹாஸ்டல் மாடியில் நின்றுகொண்டு, "அண்ணா, இங்க புழுங்குது, வேர்க்குரு வந்துருச்சு, திரும்பி வந்துடட்டுமா?" என்று கேட்கும். நான் ஒன்றுதான் கேட்பேன்: வெயில் பிடிக்கவில்லையா, வகுப்பு பிடிக்கவில்லையா? வெயில் என்றால் ஐப்பசி மழை வரைக்கும் பொறு. வகுப்பு என்றால், கீழே ஆபீசுக்கு இறங்கிப் போய் சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்ன என்று கேட்டுக்கொண்டு, இன்றைக்கே என்னைத் திரும்பக் கூப்பிடு.